எத்தனை சதவீதம் என்று எழுதுவதற்கு முன்னால்

உயிரி எரிபொருள் கொள்கை எழுத உட்காரும் அரசுகள் பெரும்பாலும் முதலில் எழுதுவது ஓர் எண்ணைத்தான். பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் (சர்க்கரையையோ தானியத்தையோ புளிக்கவைத்து வடிப்பது), டீசலில் 5 சதவீதம் பயோடீசல் (தாவர எண்ணெயிலிருந்து செய்வது), இத்தனாம் ஆண்டுக்குள். அறிவிக்கச் சுலபம், தலைப்புச் செய்திக்கும் பொருத்தம். அந்த எண்ணை நிரப்பப் போவது கரும்பா, பாமாயிலா, மக்காச்சோளமா, தரிசில் வளரும் காட்டாமணக்கா என்பது அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. மழை பொய்த்த வருடம் என்ன செய்வது என்பதற்குப் பல நேரம் பக்கமே ஒதுக்குவதில்லை.

எண்ணெயை இறக்குமதி செய்கிற, விவசாயத்தை நம்பியவர்கள் நிறைய உள்ள, கஜானாவில் அவ்வளவாகப் பணம் இல்லாத ஒரு நாட்டை வைத்துக்கொண்டு அதன் முன்னால் உள்ள வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். வழக்கமாக இதை ஹெக்டேருக்கு எத்தனை லிட்டர், லிட்டருக்கு என்ன செலவு, கரியமில வாயு எவ்வளவு குறையும் என்று அளப்பார்கள். அந்த அளவுகள் வேண்டும்தான். ஆனால் அவை நல்ல வருடத்துக் கணக்குகள். விளைச்சல் விழுந்தாலோ, கச்சா எண்ணெய் மலிந்தாலோ, உணவு விலை ஏறினாலோ அடி யார் தலையில் விழும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். உலகத்தில் இதற்கு ஐம்பது வருட அனுபவம் இருக்கிறது. புதிதாக ஊகிக்க வேண்டியது குறைவு.

கரும்பிலிருந்து ஆரம்பிக்கலாம், அதாவது பிரேசில் போன வழி. 1973இல் எண்ணெய் விலை எகிறியது. 1974 கடைசியில் உச்சத்தில் இருந்த சர்க்கரை விலை அடுத்த வருடமே சரிந்தது. எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி இல்லை, சர்க்கரைக்கும் விலை இல்லை. இரண்டு நோய்க்கும் ஒரே மருந்தாக 1975 நவம்பரில் ‘புரோ-ஆல்கோல்’ திட்டம் வந்தது. கரும்புக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. பிழிந்த சக்கையே கொதிகலனில் எரிகிறது. ஆலைக்கு வெளியிலிருந்து எரிபொருள் வாங்க வேண்டியதில்லை, மிஞ்சுகிற மின்சாரத்தை விற்கவும் செய்யலாம். அதனால் செலவழித்த புதைபடிவ ஆற்றலைப் போல எட்டு மடங்கு வரை எத்தனாலாகத் திரும்பி வருகிறது. மக்காச்சோளத்தில் இது இரண்டு மடங்கு வந்தாலே பெரிய விஷயம்.

1979இல் எத்தனாலில் மட்டுமே ஓடும் கார்கள் சந்தைக்கு வந்தன. எண்பதுகளின் நடுவில் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது அந்த ரகம். திட்டம் வென்றுவிட்டது என்று எல்லாரும் நினைத்த நேரத்தில் இரண்டு விஷயங்கள் மாறின. 1986இல் கச்சா எண்ணெய் மலிந்தது, அப்புறம் உலகச் சந்தையில் சர்க்கரை விலை ஏறியது. ஆலைகள் சர்க்கரைப் பக்கம் சாய்ந்தன. 1989 முடிவில் பெட்ரோல் பங்குகளில் எத்தனால் இல்லை. வரிசையில் நின்ற கார்க்காரருக்கு வேறு வழியும் இல்லை, அந்த டாங்கில் பெட்ரோல் ஊற்றி ஓட்ட முடியாது. ஏற்றுமதி செய்வோம் என்று பேசிய நாடு எத்தனாலை இறக்குமதி செய்தது. தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் காரை வாங்க ஆளே இல்லை.

பிரேசிலின் உண்மையான பாடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. 2003இல் எந்தக் கலவையிலும் ஓடும் ‘ஃபிளெக்ஸ்’ கார் வந்தது. இன்று அங்கே வண்டிக்காரர் பங்குக்கு வந்ததும் விலைப் பலகையைப் பார்க்கிறார். எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் இருப்பது பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதிலிருந்து வந்த மனக்கணக்கு அது. கெட்ட வருடம் வந்தால் அவர் குழாயை மாற்றிப் பிடிக்கிறார், அவ்வளவுதான். பெட்ரோலில் கட்டாயமாகக் கலக்கும் அளவையும் அங்கே ஒற்றை எண்ணாகச் சட்டத்தில் இறுக்கிக் கட்டவில்லை. 2011இல் விளைச்சல் மோசமானபோது 25இலிருந்து 20 சதவீதத்துக்கு இறக்கினார்கள், 2013இல் மறுபடி ஏற்றினார்கள். 2024இல் வந்த சட்டம் 22 முதல் 35 சதவீதம் வரை என்று ஒரு வீச்சாகத்தான் சொல்கிறது. 2025 ஆகஸ்டில் அதை 30 ஆக்கினார்கள்.

மற்ற நாடுகள் பிரேசிலைப் பார்த்து எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அந்த 30ஐத்தான். ஏற்றி இறக்கும் அந்தக் கைப்பிடியை அல்ல.

பிரேசிலையும் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. அறுவடைக்கு முன் வயலுக்குத் தீ வைப்பது, கரும்பு வெட்டுவோரின் நிலைமை என்று பழைய கணக்குகள் உண்டு. அமேசான் காடு, பந்தனால் சதுப்பு நிலம் பக்கம் கரும்பு பரவாமல் தடுக்க 2009இல் கொண்டுவந்த மண்டல வரையறை 2019இல் ஓர் ஆணையோடு ரத்தானது. அப்புறம் தண்ணீர். அங்கே கரும்பின் பெரும்பகுதி மழையில் விளைகிறது. பாசனத்தில் கரும்பு விளைவிக்கும் நாட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இந்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021இல் போட்ட எத்தனால் அறிக்கையே கரும்பிலிருந்து வரும் ஒரு லிட்டருக்கு சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் என்கிறது. நிலத்தடி நீர் ஏற்கெனவே கீழே போய்க்கொண்டிருக்கும் இடத்தில் இது எண்ணெயை மிச்சம் பிடித்துத் தண்ணீரை ஏற்றுமதி செய்கிற மாதிரி.

அடுத்தது இந்தோனேசியாவின் பாமாயில் டீசல். விளைச்சலை மட்டும் பார்த்தால் எண்ணெய்ப் பனைக்குப் போட்டியே கிடையாது. ஹெக்டேருக்கு மூன்று, நான்கு டன் எண்ணெய் தருகிறது, சோயா அரை டன் தந்தாலே அதிகம். ஏற்றுமதியாகும் பாமாயில் மீது வரி வசூலித்து, அதை 2015இல் அமைத்த ஒரு நிதியில் போட்டு, பயோடீசலுக்கும் சாதாரண டீசலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை அதிலிருந்து கொடுக்கிறார்கள். பட்ஜெட்டைத் தொடாமல் மானியம் தரும் கெட்டிக்கார ஏற்பாடு. 2020இல் 30 சதவீதம், 2025இல் 40 சதவீதம் என்று கலப்பு ஏறியது.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வினோத குணம் உண்டு. கச்சா எண்ணெய் மலியும்போது வித்தியாசம் விரிந்து நிதியிலிருந்து நிறையப் பணம் போகும். 2020இல் அப்படித்தான் ஆகி, வரியை ஏற்ற வேண்டி வந்தது. ஏற்றிய வரியை ஆலை தன் லாபத்திலிருந்து கட்டுவதில்லை, பனங்குலைக்குக் கொடுக்கும் விலையில் குறைத்துக்கொள்ளும். அந்த நாட்டின் பனைப் பரப்பில் சுமார் 40 சதவீதம் சிறு விவசாயிகள் கையில் இருக்கிறது. இதில் யார் கையிலிருந்து யார் கைக்குப் பணம் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். பாமாயில் விலை ஏறும் வருடத்தில் அடி வேறு பக்கம் விழும். 2022இல் உலகத்திலேயே அதிகம் பாமாயில் எடுக்கும் நாட்டில் சமையல் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது. ஏப்ரல் 28 அன்று ஏற்றுமதியையே நிறுத்தினார்கள், மூன்றரை வாரம் கழித்துத் திறந்தார்கள். அந்தத் தட்டுப்பாட்டுக்குப் பயோடீசல் மட்டும் காரணமில்லை, உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் நின்றது, உள்நாட்டு விலைக் கட்டுப்பாடு என்று பல இருந்தன. ஆனாலும் சட்டியும் வண்டியும் ஒரே எண்ணெய்க்குப் போட்டி போட்டால் எப்படி இருக்கும் என்று அந்த மாதங்கள் காட்டின.

பனை எங்கே நிற்கிறது என்பதும் சின்ன விஷயமில்லை. ஆயிரக்கணக்கான வருடங்களாக மக்கியும் மக்காமலும் கிடக்கும் தாவரங்கள் சேர்ந்த கரிச்சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டுப் பனை வைத்தால், நிலமே மெல்ல மெல்ல வாயுவாகப் போகும். அப்படி வெளியான கரியைப் பயோடீசலால் ஈடுகட்ட 400 வருடங்களுக்கு மேல் ஆகும் என்று 2008இல் வந்த ஆய்வு ஒன்று கணக்குச் சொன்னது. பிரேசிலின் செர்ராடோ புல்வெளியை உழுது கரும்பு வைத்தால் அதே கணக்கில் 17 வருடம். ஒரே பெயரில் ‘பசுமை எரிபொருள்’ என்று விற்கும் இரண்டு பொருளுக்கு நடுவில் இவ்வளவு தூரம். காய்ந்த சதுப்பு தீப்பிடித்தால் அணைப்பதும் கஷ்டம். 2015இல் இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது.

மூன்றாவது, உணவுப் பயிரைத் தொடாத வழி என்று சொல்லி வந்த காட்டாமணக்கு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது செத்துப்போன யோசனை என்று நினைக்கும்போதெல்லாம் வேறு செடியின் பெயரில் எழுந்து வருகிறது. ஆடு மாடு கடிக்காது, தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், விதையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. 2003இல் இந்தியத் திட்டக் குழு இதை நம்பி 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் என்று கனவு கண்டது. தான்சானியா, மொசாம்பிக், கானா என்று ஆப்பிரிக்கா முழுக்க முதலீட்டாளர்கள் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் குத்தகை கேட்டு வந்தார்கள்.

ஒரு செடியின் அருகில் போய்ப் பார்த்தாலே பிரச்சினை தெரிந்திருக்கும். ஒரே கொத்தில் ஒரு காய் பச்சையாக இருக்கும், பக்கத்துக் காய் மஞ்சளாக, இன்னொன்று கறுத்து வெடிக்கத் தயாராக. எல்லாம் ஒன்றாகப் பழுக்காது. எனவே இயந்திரம் விட்டு அறுக்க முடியாது, ஆள் வைத்து, அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வந்து, பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும். பிறகு உடைத்து விதை எடுக்க வேண்டும். எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்கில் விஷம், மாட்டுக்குப் போட முடியாது. செடி தரிசில் உயிரோடு இருக்கும், அது உண்மை. ஆனால் காய்க்கத் தண்ணீரும் உரமும் கேட்கும். உயிரோடு இருப்பதற்கும் காய்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத் திட்ட அறிக்கைகள் கவனிக்கவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

‘தரிசு’ என்ற சொல்லிலும் ஒரு சூது இருந்தது. வருவாய்த் துறைப் பதிவேட்டில் தரிசு என்று இருக்கும் நிலத்தில் யாரோ ஆடு மேய்ப்பார்கள், சுள்ளி பொறுக்குவார்கள், மூலிகை எடுப்பார்கள். மொசாம்பிக்கின் மாசிங்கிர் பகுதியில் எத்தனாலுக்காக 30,000 ஹெக்டேரில் கரும்புத் திட்டம் ஒன்று வந்தபோது, பக்கத்துத் தேசியப் பூங்காவிலிருந்து அப்புறப்படுத்தப்படும் மக்களைக் குடியமர்த்தக் காட்டியிருந்த நிலமும் அதில் சிக்கியது. சொன்ன வேலை நடக்கவில்லை என்று 2009 டிசம்பரில் அரசே ஒப்பந்தத்தை ரத்து செய்தது. காட்டாமணக்கை மாலி நாட்டு விவசாயிகள் காலம் காலமாக வேலியாக வைத்து வந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் அது நல்ல செடி.

தானியத்திலிருந்து எத்தனால் என்பது உபரி வருடத்தில் பிறக்கும் யோசனை. கிடங்கில் தானியம் தேங்கி, எலி தின்று, மக்கிக்கொண்டிருக்கும். இதை எரிபொருளாக்கினால் என்ன என்று ஒருவர் கேட்பார். கேள்வி நியாயமானதுதான். சீனா இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய இருப்பை வைத்துத்தான் ஆரம்பித்தது. பழையது தீர்ந்து புதுத் தானியம் ஆலைக்குள் போக ஆரம்பித்ததும், 2007 வாக்கில் உணவுத் தானியத்தில் புது ஆலை வேண்டாம் என்று நிறுத்தியது.

இந்தியாவில் இதே நாடகம் வேகமாக நடந்தது. 2009 கொள்கை உணவல்லாத மூலப்பொருள் மட்டும் என்றது. 2018 கொள்கை கெட்டுப்போன தானியத்தையும் உபரியையும் அனுமதித்தது. 2030க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கை 2025க்கு இழுத்தார்கள். 2023இல் மழை சரியில்லை. ஜூலையில் அரசுக் கிடங்கு அரிசியை எத்தனாலுக்குக் கொடுப்பது நின்றது, டிசம்பரில் கரும்புச் சாற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது. இலக்கு மட்டும் அசையவில்லை. விளைவு, ஆலைகள் மக்காச்சோளத்தின் மேல் விழுந்தன. பல ஆண்டுகளாக மக்காச்சோளம் ஏற்றுமதி செய்த நாடு 2024இல் ஏற்றுமதியைவிட அதிகமாக இறக்குமதி செய்தது. மக்காச்சோளம் விதைத்தவருக்கு நல்ல விலை கிடைத்தது, அதை மறுக்க முடியாது. அதே விலையைக் கோழித் தீவனத்துக்குக் கொடுத்தவர்கள் இன்னொரு கணக்குச் சொல்வார்கள். எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கப் போட்ட திட்டம் வேறொன்றின் இறக்குமதியில் போய் நின்றது. 2025இல் 20 சதவீதம் எட்டியாயிற்று, பழைய வண்டிக்காரர்கள் மைலேஜ் குறைகிறது என்று புலம்பினார்கள். வேறு கலவை போட்டுக்கொள்ளும் வாய்ப்பு பெரும்பாலான பங்குகளில் இல்லை என்பதுதான் அந்தப் புலம்பலின் சாரம். பிரேசில்காரர் மாற்றிப் பிடிக்கும் அந்தக் குழாய் இங்கே வைக்கப்படவில்லை.

கழிவிலிருந்து எடுப்பது பற்றி எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு, சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்காவின் மலாவி கடற்கரை இல்லாத நாடு. எரிபொருள் அண்டை நாட்டுத் துறைமுகங்களில் இறங்கி நீண்ட தூரம் தரைவழியாக வர வேண்டும், வழியில் ஏதாவது கலவரம் என்றால் அதுவும் வராது. 1982இல் துவாங்வா என்ற இடத்தில் சர்க்கரை ஆலைக்குப் பக்கத்திலேயே ஒரு வடிப்பாலை (எத்தனால் வடிக்கும் ஆலை) வைத்தார்கள். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸ்தான் மூலப்பொருள். அதற்கென்று ஒரு ஏக்கர் கூடுதலாக உழவில்லை. அன்றிலிருந்து அங்கே கலப்பு ஓடிக்கொண்டிருக்கிறது, பெரிதாக யாரும் பேசுவதில்லை. அதே வட்டாரத்து ஜிம்பாப்வே 1980இலேயே கரும்பை நம்பிப் பெரிதாக ஆரம்பித்தது, 1991-92 வறட்சியில் கரும்பு காய்ந்ததும் கலப்பு நின்றது.

மொலாசஸின் அளவுக்கு வரம்பு உண்டு. ஒரு டன் கரும்பின் சாறு முழுவதையும் எத்தனாலாக்கினால் 70 லிட்டர் வரும், சர்க்கரையை முழுக்க எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸிலிருந்து மட்டும் என்றால் 10, 11 லிட்டர்தான். ஆகவே 20 சதவீதமெல்லாம் இதில் ஆகாது. இன்னொன்று கழிவுநீர். ஒரு லிட்டர் எத்தனாலுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கறுப்புத் தண்ணீர் வெளியே வரும். தண்ணீர் கலந்து வயலுக்குப் பாய்ச்சினால் பொட்டாஷ் உரம், அப்படியே ஆற்றில் விட்டால் மீன் மிதக்கும். எத்தனாலுக்கு விலை நிர்ணயிக்கும்போதே இந்தச் சுத்திகரிப்புச் செலவையும் சேர்க்காவிட்டால் ஆறுதான் மானியம் கொடுக்கும்.

வைக்கோலிலிருந்து எத்தனால் இன்னும் விலை அதிகம். இந்தியாவின் பானிப்பட்டில் 2022இல் திறந்த ஆலை வருடத்துக்கு இரண்டு லட்சம் டன் நெல் வைக்கோலிலிருந்து மூன்று கோடி லிட்டர் எடுக்கத் திட்டமிட்டது. வைக்கோலை மூட்டை கட்டி, மழையில் நனையாமல் வருடம் முழுக்க அடுக்கி வைப்பதே பெரும் வேலை. பணக்கார அமெரிக்காவே 2022க்குள் 1,600 கோடி கேலன் செல்லுலோஸ் எரிபொருள் (வைக்கோல், மரத்தூள் போன்றவற்றிலிருந்து எடுப்பது) என்று 2007இல் சட்டம் போட்டுவிட்டு அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஏழை நாடு இதில் முன்னோடியாக நிற்கத் தேவையில்லை. பொரித்து மிஞ்சிய பழைய எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுப்பது நல்லதுதான், ஆனால் பழைய எண்ணெய்க்குப் புது எண்ணெயைவிட நல்ல விலை கிடைக்க ஆரம்பித்தால் புதியதைப் பழையது என்று பீப்பாயில் ஊற்ற ஆள் வந்துவிடுவார்கள்.

கடைசி வழி, கலப்பே வேண்டாம் என்பது. ஒரு தோராயக் கணக்கு. ஒரு ஹெக்டேர் நல்ல கரும்பிலிருந்து வருடத்துக்கு 6,000 லிட்டர் எத்தனால். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்றால் 60,000 கிலோமீட்டர். அதே ஹெக்டேரில் சூரியத் தகடு வைத்தால் பத்து லட்சம் யூனிட் மின்சாரம் எதிர்பார்க்கலாம். யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் போகும் மின்சாரக் காருக்கு அது 60 லட்சம் கிலோமீட்டர். நூறு மடங்கு. எண்களை எப்படி இழுத்துப் பார்த்தாலும் பல பத்து மடங்குக்குக் கீழே இது வராது. எத்தியோப்பியா 2024 தொடக்கத்தில் பெட்ரோல், டீசல் கார் இறக்குமதியையே நிறுத்தியது, கையில் புனல் மின்சாரம் இருக்கிற தைரியத்தில். மின்கம்பி சரியாகப் போய்ச் சேராத நாட்டில், லாரிக்கும் டிராக்டருக்கும் இந்தக் கணக்கு இன்று உதவாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் இன்று கட்டும் வடிப்பாலை இருபது வருடம் நிற்கும். இன்றைய வண்டிகளை மட்டும் பார்த்து அதைக் கட்டக் கூடாது. எரிபொருள் என்றாலே வண்டி என்று நினைப்பதும் நகரத்துப் பார்வை. நேபாளம் 1992இலிருந்து வீட்டுக்கு வீடு சாண எரிவாயுக் கலன் வைத்துக்கொண்டே வந்து மூன்று லட்சத்தைத் தாண்டியது. அதில் அடுப்பு எரிகிறது, புகை இல்லை, கரைசல் வயலுக்குப் போகிறது. வறட்சி வந்தாலும் மாடு இருக்கிறவரை கலன் இருக்கும்.

சரி, கையெழுத்துப் போட வேண்டியவர் நானாக இருந்தால்? சர்க்கரை ஆலை இருக்கும் நாட்டில் மொலாசஸோடு ஆரம்பிப்பேன், ஐந்தோ எட்டோ எவ்வளவு வருகிறதோ அதுவரை. இலக்கை ஒரு வீச்சாக எழுதி, உணவு இருப்பு இந்த அளவுக்குக் கீழே போனால் கலப்பு தானாக இறங்கும் என்று சட்டத்திலேயே சேர்ப்பேன், அமைச்சர் யாரையும் கேட்க வேண்டாம். தானியத்தை ஒவ்வொரு வருட இருப்பையும் பார்த்து மட்டும் அனுமதிப்பேன். பனை ஏற்கெனவே நிற்கும் நாட்டில் நிற்கும் பரப்போடு நிறுத்துவேன், சதுப்பில் ஒரு கன்றும் கூடாது. கரும்பும் பனையும் இல்லாத நாட்டுக்கு இந்தக் கொள்கையே வேண்டாம். அந்தப் பணத்தைச் சாணக் கலனுக்கும் மின்சாரப் பேருந்துக்கும் போடலாம்.

இதில் மிகக் கடினமானது தானாக இறங்கும் அந்த விதிதான். அதை எதிர்க்கப் போவது எண்ணெய் நிறுவனமோ சூழல் ஆர்வலரோ அல்ல, 20 சதவீதத்தை நம்பி வங்கியில் கடன் வாங்கி ஆலை கட்டியவர். கலப்பு பாதியாகும் வருடத்தில் அவருடைய வட்டி நிற்காது. பிரேசில் ஆலை அந்த வருடம் சர்க்கரை காய்ச்சிப் பிழைத்துக்கொள்ளும். தானியத்தில் எத்தனால் மட்டுமே வடிக்கத் தெரிந்த ஆலைக்கு அந்த வசதி இல்லை. எனவே உரிமம் கொடுக்கும்போதே இரண்டு பொருள் செய்யத் தெரிந்த ஆலைக்கு முதலிடம் என்று எழுத வேண்டும். இல்லையென்றால் ஆலை சும்மா கிடக்கும் மாதங்களுக்கு யார் பணம் தருவது என்ற வரியையும் அதே பக்கத்தில், சதவீதத்துக்கு மேலே எழுத வேண்டியிருக்கும்.